ஊமைக் கணு

நான் மாப்பிள்ளையாக அந்த வளவுக்குள் காலடி வைத்த அன்று, ஆலாத்தி எடுத்து முடிந்த கையோடு ஒரு பெண்மணி என் பின்னால் வந்து நின்றார். சுட்டுவிரலை மடக்கி என் முதுகில் டக் டக்கென்று இரண்டு தட்டுத் தட்டினார். தேங்காய் வாங்க வந்தவர் போலக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார்.

“தேற்றாத்தீவுச் சரக்குப் பிழையில்லை கா. ஆனாக் கொஞ்சம் பச்சை. இன்னும் காய வேணும்.”

பந்தல் முழுக்கச் சிரித்தது. புது வேட்டியும் சந்தனமுமாய் நின்ற எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் என் மாமியாரின் தங்கை. எனக்கு அவரும் மாமிதான். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிகூடக் கிடையாது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அவர் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறேன். தட்டிப் பார்க்காமல் அவர் எதையும் நம்பியதை நான் கண்டதில்லை.

குடம், முட்டி, தேங்காய், பலாப்பழம், வத்தகப்பழம், அடுப்பு விறகு, தோணியின் அடிப்பலகை, வீட்டு வளைமரம், எதுவானாலும் சரி. மடக்கிய விரல் முதலில் போகும், கண் பிறகுதான் போகும். கணீரென்று கேட்டால் “பேசுது” என்பார். மொத்தென்று கேட்டால் “ஊமை” என்பார். உலகத்தில் உள்ள பொருள்கள் எல்லாம் அவருக்கு இந்த இரண்டு சாதிதான்.

மாமியின் திறமை முழுவதும் வெளிப்படுவது திருவிழாக்களில். எந்தத் திருநாளையும் அவர் சும்மா கொண்டாடியதில்லை. எதிலும் முதலாவதாக வர வேண்டும். அதுவும் கள்ளம் இல்லாமல் வர வேண்டும். தைப்பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போதே குயவர் வீட்டு முற்றத்தில் போய்க் குந்திவிடுவார். பானைகளை ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டே போவார். “ஊமை, ஊமை, இது ஊமை, இதுக்குத் தொண்டை கட்டியிரிக்கி” என்று அவர் அடுக்கினால் மற்றப் பெண்களும் வாங்காமல் திரும்பிவிடுவார்கள். அதனால் குயவர் மாமியைத் தூரத்தில் கண்டதுமே நல்ல பானைகளை முன்னுக்கு எடுத்து வைத்துவிடுவார்.

சித்திரை வருடப் பிறப்புக்கு இளந்தாரிகள் புளிய மரத்தில் ஊஞ்சல் கட்டுவார்கள். மாமி உலக்கையோடு வந்து கிளையை ஒரு இடி இடிப்பார். ஒருமுறை “இந்தக் கிளை ஊமை, மற்றதில கட்டுங்கடா” என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் என் மைத்துனனும் அவனுடைய கூட்டாளிகளும் கிளையும் கயிறுமாக வாழைப் பாத்திக்குள் கிடந்தார்கள். மாமி ஓடிவந்து முதலில் பையன்களைத் தூக்கவில்லை. முறிந்த கிளையைத் தட்டினார்.

“சொன்னனா இல்லையா?”

போர்த்தேங்காய் என்று ஒரு விளையாட்டு. ஒருவன் தேங்காயை உருட்டி எறிவான். எதிரில் நிற்பவன் தன் கையில் உள்ள தேங்காயால் அதை அடித்து மறிப்பான். எது உடைகிறதோ அது தோற்றது. பெண்கள் விளையாடுவதில்லை. ஆனால் மாமி தட்டிப் பொறுக்கிக் கொடுத்த தேங்காய் என்றால் எதிரி தன் நல்ல காயை ஒளித்துவிடுவான். ஒரு சித்திரையில் அவர் கொடுத்த ஒற்றைத் தேங்காய் பதினொரு காய்களை உடைத்துவிட்டு முழுசாகவே வீட்டுக்கு வந்தது. அதைச் சமைக்க அவருக்கு மனம் வரவில்லை. வீட்டின் பின்கோடியில் நட்டார். முளைத்தது.

ஏறாவூரிலிருந்து மாட்டு வண்டிலில் புடவையும் சில்லறைச் சாமானும் கொண்டு ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார், நாங்கள் காக்கா என்போம். ஒருநாள் மாமி வளையல் பார்த்துக்கொண்டு நின்றவர், பழக்க தோசத்தில் வண்டிற் சில்லையும், அதாவது சக்கரத்தையும், தட்டிவிட்டார்.

“காக்கா, இந்த வலப்பக்கச் சில்லு ஊமை. உன்னிச்சைப் பக்கம் போகாதீங்க. விட்டிரும்.”

“தங்கச்சி, இது புதுச் சில்லு. அல்லாட காவல் இரிக்கி. ஒண்டும் ஆகாது” என்று சிரித்துவிட்டுப் போனார் காக்கா. மறுநாள் உன்னிச்சை வழியில், சரியாக ஒரு வாய்க்கால் நடுவில், சில்லு விட்டது. சீத்தைத் துணியும் சீப்பும் தண்ணீரில் மிதந்தன. அதன் பிறகு காக்கா எங்கள் வளவுக்கு வந்தால் முதலில் சில்லை மாமியிடம் காட்டிவிட்டுத்தான் மூட்டையை அவிழ்ப்பார். நோன்புப் பெருநாளைக்குத் தவறாமல் வட்டிலப்பம் அனுப்புவார். “அதையும் இவள் தட்டித்தான் பாத்தவள்” என்று மாமியின் புருசனான மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

இதெல்லாம் சின்னச் சின்னத் திருநாள்கள். மாமியின் உயிர் இருந்தது வைகாசியில்.

வைகாசியில் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு. சடங்குக்கு முன்னால் கொம்பு விளையாட்டு. சில ஊர்களில் அம்மை நோயோ பஞ்சமோ வந்தால்தான் கொம்பு கட்டுவார்கள். எங்கள் ஊரில் வருடம் தவறாது. ஊர் இரண்டாகப் பிரியும். தென்சேரி அம்மன் பக்கம், வடசேரி அம்மனின் புருசன் பக்கம். இரண்டு சேரியும் காட்டில் வெட்டிய வளைந்த கொம்பு ஒவ்வொன்று கொண்டுவரும். விடத்தல் மரத்துக் கொம்பு, இரும்புக்கு அண்ணன். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கொழுவி, வடம் கட்டி, இரண்டு பக்கமும் நின்று இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரிக்குத் தோல்வி. முதல் நாள்களில் சிறு கொம்புகள். கடைசி நாளில் பெரிய கொம்பு. அதுதான் கணக்கு.

சேரி என்பது, எந்த ஊரில் பிறந்தாலும், தாய்வழிப் பிறப்போடு வருவது. கலியாணம் அதை மாற்றாது. கொம்பு கட்டிய நாள் முதல் பெரிய கொம்பு முறியும்வரை வடசேரிக்காரனும் தென்சேரிக்காரியும் ஒரு கூரையின் கீழ் இருக்கக் கூடாது. ஒரு சட்டியில் சாப்பிடக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது. வேறு தேசத்தில் என்றால் பெண்சாதி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவாள். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். அவள் எங்கே போவது? ஆகவே புருசன்மார்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேற வேண்டும்.

மாமியும் என் மனைவியும் தென்சேரி. மாமாவும் நானும் வடசேரி.

இதில் வெல்வது வெறும் பெருமைக்கு மட்டும் அல்ல. வென்ற சேரிக்குத்தான் அந்த வருடம் முழுக்க முன்னிடம். சடங்கில் முதற்பானை, கார்த்திகையில் முதல் விளக்கு, எல்லாம் அவர்களுக்கு. தோற்ற சேரிப் பெண்கள் வென்றவர்களின் பானை பொங்கி வழியும் வரை தங்கள் அடுப்பில் நெருப்பு வைக்காமல் நிற்க வேண்டும். தென்சேரி வெல்லும் வருடங்களில் அந்த முதற்பானையை வைப்பது மாமியின் தாய்வழிப் பெண்கள். அந்த உரிமை எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எப்படிப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். மூன்று வருடம் தொடர்ந்து தோற்றால் முதற்பானை மற்றச் சேரிக்கே நிலைத்துவிடும். திரும்பி வராது.

நான் சொல்லும் கதை இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் நடந்தது. தென்சேரி அதற்கு முன் இரண்டு வருடம் தொடர்ந்து தோற்றிருந்தது. இரண்டாம் தோல்வி வருடம் சடங்கில் மாமி நின்ற நிலை என் கண்ணில் இருக்கிறது. நெருப்பு வைக்காத அடுப்பின் மேல் புதுப்பானை. பக்கத்தில் வடசேரிப் பெண்களின் பானைகள் நுரை தள்ளுகின்றன. மாமி குனிந்து தன் பானையைத் தட்டினார். கோயில் மணிபோல் கேட்டது.

“நல்லாப் பேசுது. பேசி என்ன? பின்னாலதானே நிக்குது” என்றார். அப்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வென்றவன் நான். ஆனாலும் எனக்கு அன்று பொங்கல் இறங்கவில்லை.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

மாமியின் அடுப்புக்கு மேலே ஒரு பரண். ஏழு வருடத்துக்கு முன் அவருடைய அண்ணன் உன்னிச்சைக் காட்டில் வெட்டிய ஒரு கொம்பை மாமி அதில் போட்டு வைத்திருந்தார். மூன்றாவது தோல்வி நெருங்கும்போதுதான் அதைக் களத்தில் இறக்குவது என்று அண்ணனும் தங்கையும் பேசி வைத்திருந்தார்கள். ஏழு வருடப் புகை. ஒவ்வொரு திருநாளுக்கும் அதை இறக்கி, இலுப்பெண்ணெய் பூசி, தட்டிக் கேட்டு, திருப்பிப் போடுவார். பொங்கலுக்கு ஒருமுறை, வருடப் பிறப்புக்கு ஒருமுறை, ஆடி அமாவாசைக்கு, விளக்கீட்டுக்கு என்று.

மாமா சும்மா இருப்பாரா? ஓசிப் புகை கிடைக்கிறது என்று மறு வருடமே தானும் ஒரு கொம்பு வெட்டி வந்து அதே பரணின் மறு மூலையில் செருகிவிட்டார். எதிரியின் அடுப்பிலேயே எதிரிக்கு ஆயுதம் காய்ந்தது. மாமிக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் விட்டுவிட்டார். “புகைக்குச் சேரி தெரியுமோ? காயட்டும்” என்றாராம். ஆனால் மாமாவின் கொம்புக்கு எண்ணெயும் கிடையாது, தட்டும் கிடையாது. அடையாளத்துக்கு மாமி தன் கொம்பில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தார்.

அந்த வருடம் வடசேரியின் பெரிய கொம்பு மாமாவுடையது என்று முடிவாகியிருந்தது. கொம்பு கட்டும் நாள் விடியப்புறம். பெண்கள் குளிக்கப் போயிருந்தார்கள். சூரியன் எழும்புமுன் நாங்கள் வளவை விட்டு வெளியேற வேண்டும். மாமாவுக்கு முழங்காலில் பிடிப்பு. என்னைப் பரணில் ஏற்றினார்.

“சிவப்புத் துணி கட்டாததை எடுங்க, மருமகன். கெதியா.”

ஏறிப் பார்த்தால் மேலே எல்லாம் ஒரே கறுப்பு. ஏழு வருடப் புகையில் சிவப்பு எது, துணி எது? கையை விட்டுத் துழாவினேன். ஒரு கொம்பு அகப்பட்டது. துணி இருப்பதாகத் தெரியவில்லை. இழுத்தேன், பாய்க்குள் சுருட்டினேன், இறங்கினேன். நேரே கோயில். அம்மன் கோயில் பூசகரைக் கப்புகனார் என்போம். அவர் பாயை வாங்கி உள்ளே கொண்டுபோய், கொம்பை வெள்ளைத் துணியால் மூடிக் கட்டி, அம்மன் முன் வைத்துவிட்டார். அதன் பிறகு கடைசி நாள் வரை அதை யாரும் பார்க்கக் கூடாது, மாற்றவும் கூடாது. நொண்டி நொண்டி வந்த மாமா கோயிலை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“வச்சாச்சா?”

“வச்சாச்சு மாமா.”

“கெட்டிக்காரன்” என்று முதுகில் தட்டினார். நானும் நம்பினேன்.

வீட்டில் அன்று நடந்ததை என் மனைவி பிறகு சொன்னாள். சூரியன் எழும்பியதும் மாமியின் அண்ணன் கொம்பு வாங்க வந்தார். மாமி பரணில் கிடந்ததை இறக்கி, வழக்கம்போல் விரலை மடக்கித் தட்டினார். தட்டிய கை அப்படியே நின்றது. மறுகா ஒருமுறை தட்டினார். பக்கத்தில் கிடந்த உரலில் மெல்லக் குந்திவிட்டார்.

“அண்ணே, இது எங்கட கொம்பு இல்லை.”

அண்ணன் கத்தினார். “களவு! உன்ர மனிசன் களவெடுத்துப் போட்டான். நான் இப்பவே கப்புகனாரிட்டப் போறன்.”

மாமி எழும்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றாராம்.

“களவு எண்டு நீங்க கோயிலில சொன்னா அந்த மனிசன் மறுகா இந்த வளவுக்குள்ள கால் வைக்க ஏலா. ஊர் விடாது. ஆற்ற வீடு இது? என்ர வீடு. நான் எப்பிடி அவரை உள்ள கூப்பிடுறது?”

“அப்ப முதற்பானை? அம்மாட பானை?”

மாமி வாசலை விட்டு நகரவில்லை. ஒரு பக்கம் தாய்வழி வந்த பானை. மறு பக்கம் பதினைந்து வருடம் கூட வாழ்ந்த புருசன். அவர் களவெடுத்தார் என்றே மாமியும் நம்பினார். இதைச் சொல்லும்போது என் மனைவி அழுதாள். நம்பிக்கொண்டே காப்பாற்றினார், அதுதான் விசயம்.

“ரெண்டும் வேணும்” என்றாராம் கடைசியில். அண்ணனைக் கிட்டக் கூப்பிட்டார். “இஞ்ச கேளுங்க. ஏழு வருசம் அந்தக் கொம்பைத் தட்டினவள் நான். வளைவுக்குள்ள, இடப்பக்கம், ஒரு கணு ஊமை. இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லல்ல. ஊமை இல்லாத கட்டை உலகத்தில இல்லை அண்ணே, எங்க ஊமை எண்டு தெரிஞ்சாப் போதும். போன வருசம் தோத்தது நாங்க. கொழுவுற உரிமை எங்களுக்கு. இந்தக் கொம்பை அந்தக் கணுவில பட வைங்க.”

கோயிலின் வடக்கு வீதியில் ஓலைக் கொட்டிலில் மாமாவும் நானும் மற்ற வடசேரிப் புருசன்மாரும் கிடந்தோம். வென்ற சேரிக்காரர், வாய்க்குக் குறைவில்லை. சிறு கொம்புகளில் சரிக்குச் சரி நின்றாலும் பெரிய கொம்பு எங்களுக்குத்தான் என்று பாட்டுக் கட்டினோம். மாமாவுக்கு மட்டும் ஒரு குறை. ஒவ்வொரு வருடமும் மாமி யாரோ ஒரு மூன்றாம் ஆள் மூலம் ஒரு கருவாட்டுத் துண்டைக் கள்ளமாக அனுப்பிவிடுவார். சட்டி வேறு, கருவாடு வேறு என்று மாமா அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். அந்த வருடம் ஒன்றும் வரவில்லை.

“என்னவோ பிழை நடந்திரிக்கி, மருமகன்” என்றார் ஐந்தாம் நாள்.

“கருவாடு கிடைக்கல்லையாக்கும் மாமா. சண்டைக் காலம்” என்றேன்.

கடைசி நாள் பின்னேரம் வந்தது. கோயில் வீதியில் ஊர் முழுக்கக் கூடியிருந்தது. ஆண்கள் இரண்டு பக்கமும், பெண்கள் வேப்ப மரத்தடியில். பறை முழங்கக் கப்புகனார் இரண்டு கொம்புகளையும் வெளியே கொண்டுவந்து வாழையிலையில் வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துணியை அவிழ்த்தார்.

வடசேரி இலையில் கிடந்தது எண்ணெய் மினுங்கும் கொம்பு. அதன் கழுத்தில், மஞ்சள் தண்ணீர் பட்ட இடத்தில், கரி கரைந்து ஒரு சிவப்புத் துணித் துண்டு எட்டிப் பார்த்தது.

மாமா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

“எதை எடுத்த நீ?” என்றார் மாமா. ‘நீங்க’ போய்விட்டது. திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். மாமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினைந்து வருடம் பார்த்த முகம் அல்லவா? களவெடுத்தவன் முகம் எது, திகைத்தவன் முகம் எது என்று அறிய மாமிக்குத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மாமா நொண்டிக்கொண்டே முன்னால் போனார். நல்ல மனிதர், உண்மையைச் சொல்லிவிடப் போகிறார். சொன்னால் ஊர் நம்புமா? கொம்பு அவர் இலையில் கிடக்கிறது. “கப்புகனார் ஐயா, ஒரு வார்த்தை, இந்தக் கொம்பு என்ர...” என்று வாயைத் திறந்தார்.

வேப்ப மரத்தடியிலிருந்து குரவை எழும்பியது.

மாமிதான். நாக்கைச் சுழற்றி அவர் இட்ட அந்தக் குரவை வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். ஒருத்தி குரவையிட்டால் மற்றவர்கள் நிறுத்தி வைக்க முடியாது. தென்சேரிப் பெண்கள் இட்டார்கள். விட்டுக்கொடுப்பதா என்று வடசேரிப் பெண்களும் இட்டார்கள். பறைகாரர் உருவேறி அடித்தார். மாமாவின் வாய் அசைந்தது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. கப்புகனார் கையைக் காட்டிவிட்டார். கொழுவலாம்.

மாமா நின்ற இடத்தில் நின்று மாமியைப் பார்த்தார். மாமி தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினார். அவ்வளவுதான். பத்து நாளாக ஒரு சொல்லும் பேசாத இரண்டு பேர், ஊர் நடுவில் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

அண்ணன் கொழுவினார். நடு வளைவில் பொருத்தாமல் இடப்பக்கம் சாய்த்துப் பொருத்தினார்.

“என்ன கோணலாக் கொழுவுறாய்?” என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சத்தம் போட்டார்.

“தோத்தவன்ர உரிமை. உங்களுக்கு என்ன?”

முதல் இழுவை. வடம் முறுகியது, கொம்புகள் கத்தின, ஒன்றும் நடக்கவில்லை. சறுக்கி நடு வளைவுக்கு வந்துவிட்டன. மறுகா கொழுவினார்கள். இரண்டாம் இழுவையும் அப்படியே. நானும் இழுத்தேன். எதற்காக இழுக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கை வடசேரிக்கு இழுத்தது. மனம் அந்தப் பானையிடம் கிடந்தது. மூன்றாவது இழுவையில் முறியாவிட்டால் போன வருடம் வென்றவர்களுக்கே வெற்றி என்பது வழக்கம். வடசேரிக்காரர் இப்போதே ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

மாமி பெண்கள் வரிசையை விட்டு இரண்டடி முன்னால் வந்தார். காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார், இரண்டு இழுவையும்.

“அண்ணே! இன்னும் ஒரு விரல் உள்ளுக்கு! அங்கதான் ஊமை!”

அண்ணன் ஒரு விரல் உள்ளே தள்ளிக் கட்டினார். மூன்றாம் இழுவை. இரண்டு பக்கமும் குதிகால் மண்ணில் புதைந்தது. முதலில் ஒரு சின்ன மொத்தென்ற சத்தம். ஊர் ஆரவாரத்தில் அது யாருக்குக் கேட்டிருக்கும்? மாமிக்குக் கேட்டது. அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அடுத்த கணம் வெடி வைத்ததுபோல் ஒரு முறிவு. நாங்கள் அத்தனை பேரும் மல்லாக்க விழுந்தோம். என் மேல் யாரோ, யார் மேலோ மாமா.

தென்சேரி வென்றது. மாமி ஏழு வருடம் எண்ணெய் பூசி வளர்த்த கொம்பை மாமியே முறித்துவிட்டார்.

அன்று அவர்கள் எங்களைப் பாடிய வசைப் பாட்டுகளை இங்கே எழுத முடியாது. என் மனைவிக்கு அத்தனை பாட்டுத் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாம் ஓய்ந்து, இரண்டு சேரியும் மஞ்சள் தண்ணீர் தெளித்து ராசியாகி, தோற்ற புருசன்மார் பாயோடு வீட்டுக்குத் திரும்பினோம். வளவின் வாசற் படலையில் மாமி நின்றார். தோற்றவன் படலையில் நின்று தோல்வியை வாயால் ஒப்புக்கொண்டால்தான் உள்ளே விடுவது வழக்கம்.

“தோத்திட்டம்” என்றார் மாமா. “இஞ்ச புள்ள, நான் களவெடுக்கல்ல.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“இண்டைக்குத்தான். துணி அவிழ்த்தபோது.”

“அதுக்கு முந்தி?”

மாமி படலையைத் திறந்துவிட்டார். கண்ணைத் துடைத்தார். “கருவாடு அடுப்பில கிடக்கு. வாங்க” என்றார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. “மாமி, நான்தான். இருட்டில துணி தெரியல்ல” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் வந்தார். விரலை மடக்கி முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். காதைச் சாய்த்தார்.

“இன்னும் பச்சைதான்” என்றார்.

மாமா சிரித்த சிரிப்பில் முழங்கால் பிடிப்பே விட்டுப்போனது.

சடங்கு நாள். அம்மன் வாசலில் நூறு அடுப்புகள் வரிசையாக இருந்தன. எல்லாருக்கும் முன்னால், தனியாக, மாமியின் அடுப்பு. தாய்வழிப் பானை ஏறியது. முறிந்த கொம்பு வென்ற சேரிக்குச் சொந்தம். மாமி அதன் இரண்டு துண்டையும் கொண்டுவந்து அடுப்பில் வைத்தார். அண்ணன் பதறிப்போனார்.

“தங்கச்சி, ஏழு வருசக் கொம்பு! வச்சிரு. நினைவுக்காவது கிடக்கட்டும்.”

“ஏழு வருசம் காஞ்ச விறகு அண்ணே. இதை விட நல்ல விறகு எந்தக் காட்டில இரிக்கி?”

அப்படி ஒரு நெருப்பை நான் கண்டதில்லை. புகையே இல்லை. ஊதத் தேவையில்லை. இலுப்பெண்ணெய் குடித்த கட்டை ஒரே சீராகச் சுவாலை விட்டது. தோற்ற சேரிக்காரரான மாமா பக்கத்தில் குந்தி விறகைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தார். பின்னால் வடசேரிப் பெண்கள் நெருப்பு வைக்காத அடுப்போடு காத்து நின்றார்கள். மாமா அவர்களைப் பார்த்து, வெட்கம் கொஞ்சமும் இல்லாமல், “முறிச்சது ஆற்ற கொம்பு தெரியுமோ? என்ர கொம்பு! கீறல்கூட விழல்ல!” என்றார்.

“ஓம், ஓம். ஆற்ற அடுப்பில காஞ்சது?” என்றார் மாமி.

பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. மாமி குனிந்து, அந்தக் கொதிக்கிற பானையை மடக்கிய விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சுட்டிருக்கும். அவர் விரலை எடுக்கவில்லை.

“பேசுது” என்றார். “முன்னால நிண்டு பேசுது.”

பிறகு நிமிர்ந்து குரவையிட்டார். அந்த முறை முதலில் சேர்ந்துகொண்டவர் மாமா. ஆண்கள் குரவையிடுவதில்லை. அவருக்கு வரவும் இல்லை. ஆனாலும் இட்டார்.